இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஜூலை 7, திங்கள்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகு முதல்முறையாக என் பெயருக்குப் பக்கத்தில் 'மாணவி' என்று வந்திருக்கிறது. மழலையர் கல்விப் பட்டயப் படிப்பு, முழுக்க இணையவழி. அடுத்த தெருவில் இருக்கும் மழலையர் பள்ளியில் ஆள் எடுக்கும்போது இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். சங்கரன்கோவிலில் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "நல்லா படிட்டி" என்று மட்டும் சொன்னாள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஹெப்சிபா மேடம் நடத்துகிறார். ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு. அதைப் பற்றி விவாதப் பகுதியில் ஒரு பதிவு எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதியதற்கும் பதில் போட வேண்டும். பாதி மதிப்பெண் இதற்குத்தான். சொல்வதை எங்கே படித்தோம் என்று கீழே குறிப்பிடாத பதிவு கணக்கில் வராது என்றார்.

மித்ரா என் மடியில் உட்கார்ந்து திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பாப்பா பேரென்ன?" என்று மேடம் அவளையே கேட்டார். நான்தான் சொன்னேன். கொஞ்சம் வெட்கம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் பதிவுக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. 'குழந்தைகளுக்கு விளையாட்டு மிகவும் அவசியம் என்று ஆய்வுகள் கூறுகின்றன' என்று எழுதியிருந்தேன். மேடம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "எந்த ஆய்வு? யார் செய்தது? நீங்கள் படித்தீர்களா?"

எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். செய்தித்தாளில் வரவில்லையா?

வகுப்பில் ஃபர்சானா என்று ஒரு பெண், வாணியம்பாடிக்காரி. அவளுக்கு முழு மதிப்பெண். போய்ப் பார்த்தேன். பதிவு சின்னதுதான், அதற்குக் கீழே இருக்கிற ஆதாரப் பட்டியல் அதைவிட நீளம். ஆசிரியர் பெயர், ஆண்டு, நூலின் பெயர், பக்கம், இணையப் பக்கமானால் அதை எந்தத் தேதியில் பார்த்தாள் என்பதுவரை. நல்ல மாணவி என்று காட்டிக்கொள்வதில் சிலருக்கு ஒரு ஆசை.

ஜூலை 22, செவ்வாய்

இட்லிக்கு ஆட்டினேன். கிரைண்டர் பழசாகிவிட்டது, லாரி ஏறுகிற மாதிரி சத்தம் போடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு மித்ரா தூங்கினாள். இந்த ஒரு விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள். மாடி வீட்டு ரேணுகா அக்காவின் பேரன் கதவு சாத்தினாலே எழுந்து அழுகிறான்.

இந்த வாரம் ஃபர்சானா எழுதியதில் ஒரு வரி. 'அழுகிற குழந்தையைத் தோளில் போட்டால் சீக்கிரம் அடங்குகிறது; வயிறு அழுந்துவதால் என்று சொல்கிறார்கள்.' இதற்குக் கீழே என்ன போட்டிருக்கிறாள் தெரியுமா? 'என் காலா (அம்மாவின் தங்கை) சொன்னது. ஜூலை 19 அன்று பேசியபோது. அவர் சொன்னதாக எழுத அனுமதி தந்தார். காரணம் சரிதானா என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை.'

சித்தி சொன்னதற்கு யாராவது தேதி போடுவார்களா? சிரித்துவிட்டேன். பிறகு அதையே இரண்டு தடவை படித்தேன். அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறாள்.

ஜூலை 30, புதன்

வெட்கத்தை விட்டு ஃபர்சானாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், எப்படிம்மா இதையெல்லாம் எழுதுகிறாய் என்று. உடனே கூப்பிட்டுவிட்டாள். என்னைவிடச் சின்னவள், போன வருடம்தான் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். பின்னால் நாலைந்து பேர் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கும்போதே குறித்துவிட வேண்டும், அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது என்றாள். ஒருவர் சொன்னதை நம் வார்த்தையில் மாற்றி எழுதினாலும் அது அவர் சொன்னதுதான், பெயர் போட வேண்டும். வார்த்தை மாறாமல் எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும். படிக்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஹெப்சிபா மேடம் இதையேதான் சொல்லியிருந்தார். இவள் சொல்லும்போது ஏனோ புரிந்தது.

எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"எங்க வீட்ல யாராவது ஒரு சேதி கொண்டுவந்தா, அப்பா முதல்ல 'யார் சொன்னது'ன்னுதான் கேப்பார். பேர் சொல்ல முடியலன்னா அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சிடும். அதனால எங்களுக்குப் பழகிடுச்சுக்கா."

ஆகஸ்ட் 6, புதன்

எனக்கு முழு மதிப்பெண்! நான் போட்ட ஆதாரங்கள் மூன்று, மூன்றையும் படித்தேன். ஒரு புத்தகம் பல்கலைக்கழக மின்நூலகத்தில் இருந்தது. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்ததில் கண் எரிகிறது.

இப்போதெல்லாம் ஃபர்சானாவின் பதிவில் முதலில் கடைசியைத்தான் பார்க்கிறேன். இன்று எழுதியிருந்தாள்: 'மூலநூலை நான் பார்க்கவில்லை. வேறொருவர் நூலில் எடுத்துக் காட்டியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்.' நான் பார்க்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் எழுத ஒரு தைரியம் வேண்டும். நானாக இருந்தால் மூலநூலின் பெயரையே போட்டு, படித்த மாதிரி இருந்திருப்பேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 14, வியாழன்

இந்த வாரத் தலைப்பு, குழந்தைகளும் மொழியும். இதற்குப் புத்தகம் வேண்டாம், என் வீட்டிலேயே இருக்கிறது என்று உடனே எழுதிவிட்டேன்.

எழுதியது இது: வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் குழந்தை குழம்பிப்போகும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாமதமாகத்தான் பேசத் தொடங்கும். இது இயல்பு. ஒரே மொழியில் பேசினால் தானாகச் சரியாகிவிடும். மூன்று, நான்கு வயதுவரை பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை.

குழந்தை வளர்ப்பு பற்றிய ஓர் இணையப் பக்கத்தை ஆதாரமாகக் கொடுத்தேன். ரேணுகா அக்கா போன வருடம் எனக்கு அனுப்பியது. என் கைபேசியில் சேமித்தே வைத்திருக்கிறேன், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதால்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் தமிழ். என் கணவர் முனிராஜ் வீட்டில் தலைமுறையாகத் தெலுங்கு. மித்ராவுக்கு இரண்டரை வயது நடக்கிறது, இன்னும் வார்த்தை வரவில்லை. போன பொங்கலிலிருந்து அவரிடம் சொல்லிவிட்டேன், பிள்ளையிடம் தமிழ் மட்டும் பேசுங்கள் என்று. அவரும் மறுபேச்சு பேசவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நான் இதுவரை எழுதியதிலேயே அதிகம் பேருக்குப் பிடித்த பதிவு இதுதான். ஈரோட்டில் சொந்தமாக மழலையர் பள்ளி நடத்தும் சௌந்தரராஜன் சார், 'முற்றிலும் உண்மை. எங்கள் பள்ளியிலும் இப்படிப் பல குழந்தைகள் உண்டு' என்று போட்டிருக்கிறார். இன்னொருவர் தன் அக்கா மகன் நான்கு வயதில் பேசினான், இன்று வாயாடி என்று எழுதியிருந்தார். அதை முனிராஜிடம் படித்துக் காட்டினேன். ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஃபர்சானா என் பதிவுக்குக் கீழே எழுதியிருக்கிறாள்.

'கோமதி அக்கா, நீங்கள் கொடுத்த பக்கத்தைத் திறந்து படித்தேன். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இல்லை. வேறு எங்காவது படித்தீர்களா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று மொழி பேசுகிறோம், அண்ணன் குழந்தை பிறந்திருக்கிறது. அதனால் எனக்கும் தெரிய வேண்டியிருக்கிறது.'

எல்லோரும் பார்க்கிற இடத்தில். எனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். இவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாததா? எல்லாவற்றுக்கும் பக்க எண் கேட்டால் எப்படி?

பதில் போடவில்லை. போடப்போவதும் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

துணி மலைபோலக் குவிந்துவிட்டது. மழை விட்டதும் இரண்டு நடை மாடிக்குப் போய்க் காயப்போட்டேன். இறங்கி வந்தபோது முனிராஜ் மித்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மித்ரா, இது பந்து. பந்து சிவப்பு நிறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டுப் பந்தை மட்டும் உருட்டினார். அவள் பிறந்த புதிதில் என்னவெல்லாம் சொல்லிக் கொஞ்சுவார்! எனக்குப் பாதி புரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

கருவேப்பிலை, துவரம்பருப்பு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான் பதில் போடாததால் ஃபர்சானா அவளே தேடியிருக்கிறாள். நீண்ட பதிவு.

அந்த இணையப் பக்கத்தில் இருந்தது, பழைய பத்திரிகைக் கட்டுரை ஒன்றிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. அந்தக் கட்டுரையில் ஒரு புத்தகத்தின் பெயர் மட்டும் இருந்தது, பக்கம் இல்லை. அந்தப் புத்தகத்தை மின்நூலகத்தில் தேடியெடுத்து, மொழி பற்றிய அத்தியாயம் முழுவதையும் படித்திருக்கிறாள். இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசலாம் என்றுதான் அதில் இருக்கிறதாம். தாமதமாகப் பேசும் என்று எங்கேயும் இல்லையாம். கட்டுரை எழுதியவர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம் என்கிறாள். அந்த இணையப் பக்கத்தாருக்கும் எழுதிக் கேட்டாளாம், பதில் வரவில்லை.

கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'அதே அத்தியாயத்தில் அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் வீட்டில் எத்தனை மொழி என்பதைக் காரணமாகச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பக்க எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களே படித்துப் பாருங்கள், நான் தவறாகப் புரிந்திருந்தால் சொல்லுங்கள்.'

படித்தேன். பக்க எண் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குக்கர் மூடி கை தவறிக் கீழே விழுந்தது. மித்ரா அடுக்குக் கட்டைகளை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். விளையாட ஆரம்பித்தால் அவளுக்கு வேறு எதிலும் கவனம் போகாது.

ஆகஸ்ட் 23, சனி

இன்றும் மூடி கை தவறிவிட்டது. பிறகு பெரிய தாம்பாளம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முனிராஜுக்கு விடுமுறை. மித்ரா தூங்கிய பிறகு, ஃபர்சானா எழுதியதை அவரிடம் கொடுத்தேன், படித்துக் காட்டவில்லை. மெதுவாகப் படிப்பார். முடித்தும் கைபேசியைத் திருப்பித் தரவில்லை.

"நானும் பாத்தேன் கோமதி" என்றார். "போன மாசம் பஸ் ஸ்டாண்டுல, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, அப்படி ஹாரன் அடிச்சான். தோள்ல கிடந்த புள்ள அசையல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அந்தப் பக்கத்த எடுத்து எடுத்துப் படிக்கிறியே. மொழிதான் காரணம்னா நல்லதுதானேன்னு நினைச்சேன். நா வாய மூடிக்கிட்டா சரியாப் போயிடும்ல."

ஏழு மாதமாக இந்த மனுஷன் தன் பெண்ணிடம் தன் பேச்சைப் பேசவில்லை. நான்தான் சொன்னேன். எனக்கு ரேணுகா அக்கா சொன்னாள். அவளுக்கு அந்தப் பக்கம் சொன்னது. அதற்கு அந்தக் கட்டுரை. ஒருவராவது புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறோமா? வாணியம்பாடியில் யாரோ ஒரு பெண் பார்த்திருக்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தோம். தூங்கவைத்துத்தான் சோதிக்க முடியுமாம். ஒரு மருந்து கொடுத்தார்கள். தூங்கியதும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் அனுப்பிக் கணினியில் பார்த்தார்கள். முனிராஜ் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. பிறவியிலேயே இருந்திருக்கலாம். பிறந்தபோது சோதனை எடுத்தார்களா என்று சோதித்த வசுந்தரா மேடம் கேட்டார், எடுக்கவில்லை. முதலில் காதுக்கருவி, கூடவே பேச்சுப் பயிற்சி. போதாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் நல்லது, ஆனால் இப்போதாவது வந்தீர்களே, அடுத்த வருடம் என்றால் இன்னும் கஷ்டம் என்றார்.

இனி எந்த மொழியில் பேச வேண்டும் என்று முனிராஜ் கேட்டார். தேர்வு முடிவுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"உங்களுக்கு எது சரளமா வருதோ அதுல பேசுங்க. ரெண்டும் பேசலாம். நிறையப் பேசணும், அதுதான் முக்கியம்."

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "மேடம், இது எந்தப் புத்தகத்துல இருக்கு? பக்கம் சொல்ல முடியுமா?"

முனிராஜ் என் கையைக் கிள்ளினார். வசுந்தரா மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு நூல்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். பக்கம் நினைவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். மாலையில் சொல்லவும் செய்தார், போன் செய்து.

செப்டம்பர் 3, புதன்

துணி துவைத்தேன். தோசை. அழுதேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கருவி பொருத்திவிட்டார்கள். நான் ரொம்ப எதிர்பார்த்துவிட்டேன் போல. மித்ரா பயந்து வீறிட்டாள், இரண்டையும் பிடுங்கிப் போட்டாள். வீட்டுக்கு வந்து திரும்ப மாட்டியதும் மிக்சி சத்தத்துக்கு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்னி அரைபடாமலே கிடந்தது.

சாயங்காலம் முனிராஜ் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்தார். பேசுங்க என்றேன்.

"நா தல்லி, இட்டு ரா" என்றார். என் தாயே, இங்கே வா என்று அர்த்தம். அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்குத் தெரியும்.

அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. கட்டையை வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் முதலில் ஜன்னலைப் பார்த்தாள், பிறகுதான் அவரை. அவர் நிறுத்தவே இல்லை. பந்து, சட்டை, பேக்டரி, வரும் வழியில் பார்த்த மாடு, எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மாதத்துப் பேச்சு.

அக்டோபர் 10, வெள்ளி

என் ஆகஸ்ட் பதிவை அழித்துவிடலாமா என்று முன்பு ஃபர்சானாவிடம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றாள். அதைப் படித்து நம்பியவர்கள் திரும்ப வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காதே அக்கா, கீழேயே திருத்தம் எழுதுங்கள் என்றாள். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இன்று எழுதினேன். நான் சொன்னது தவறு, நான் கொடுத்த பக்கத்துக்கு ஆதாரம் இல்லை, என் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கிறது, உங்கள் வீட்டில் பேசாத குழந்தை இருந்தால் காத்திருக்காதீர்கள் என்று. வேறு அலங்காரம் இல்லை. ஆதாரப் பட்டியலில் முதலில் அந்தப் புத்தகம், பக்க எண்ணோடு. அடுத்து வசுந்தரா மேடம் நேரில் சொன்னது, தேதியோடு, அனுமதி கேட்டுவிட்டேன். அவர் எழுதித் தந்த நூல்களில் நான் படித்து முடித்தது ஒன்றுதான், அதனால் அந்த ஒன்றை மட்டும் போட்டேன்.

கடைசியாக: 'ஃபர்சானா, மழலையர் கல்விப் பட்டய வகுப்பு விவாதப் பகுதி, குழந்தைகளும் மொழியும் என்ற தலைப்பின் கீழ் இட்ட பதிவு, ஆகஸ்ட் 22.'

வகுப்புத் தோழியின் பதிவையும் ஆதாரமாகக் காட்டலாமா என்று ஹெப்சிபா மேடத்திடம் முன்பே கேட்டிருந்தேன். காட்டலாம், காட்டத்தான் வேண்டும் என்றார்.

அக்டோபர் 11, சனி

சௌந்தரராஜன் சார் தனியாக எழுதியிருந்தார். அவர் பள்ளியில் பேசத் தாமதமாகும் பிள்ளைகள் இரண்டு பேரின் பெற்றோரைத் திங்களன்று கூப்பிட்டிருக்கிறாராம். மருத்துவமனை முகவரி கேட்டார். அனுப்பினேன்.

ஃபர்சானா என் திருத்தத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாள். 'அக்கா, என் பதிவு ஆகஸ்ட் 21. நீங்கள் 22 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள்.'

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "என் பேரை இதுவரைக்கும் யாரும் ஆதாரமாப் போட்டதில்லைக்கா. அப்பாகிட்ட காட்டினேன். அவர் உங்க பேரைக் கேட்டார். சொன்னேன்."

தேதியைத் திருத்திவிட்டேன்.